ஓட்டைக் காசு வழியே ஜப்பான்

டோக்கியோவில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நண்பர், பெட்டியின் ஓரப் பையில் கிடந்த சில்லறையை அள்ளி என் கையில் கொட்டினார். "நோட்டையெல்லாம் மாத்திட்டேன். சில்லறையை ஒருத்தனும் வாங்க மாட்டேங்கறான், நீயே வெச்சுக்கோ" என்றார். எண்ணிப் பார்த்தேன், 666 யென். 1, 5, 10, 50, 100, 500 என்று ஒவ்வொன்றிலும் ஒரு காசு. நம் பணத்தில் ஒரு பிரியாணிக்குக் காணும்.

ஜப்பானைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ளக் கேட்பவர்களிடம் எல்லாரும் சாமுராயில் ஆரம்பிப்பார்கள், இல்லாவிட்டால் புல்லட் ரயிலில். எனக்கு இந்தச் சில்லறையிலிருந்து ஆரம்பிப்பதுதான் வசதியாகப் படுகிறது. ஒரு நாடு தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதைக் காசில் பொறித்து ஊர் முழுக்கச் சுற்ற விடுகிறது. எதைப் பொறிக்காமல் விட்டது என்பதும் உற்றுப் பார்த்தால் தெரியும்.

முதலில் ஐந்து யென். பித்தளை நிறம், நடுவில் ஓட்டை. ஓட்டைக் காலணாவை வீட்டுப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்த தாத்தாக்களைப் பார்த்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. இப்போது புழங்கும் ஜப்பானிய நாணயங்களில் இதில் மட்டும்தான் மதிப்பு எண்ணாக இருக்காது. சீன எழுத்தில் 'ஐந்து யென்' என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். புதிதாகப் போய் இறங்குகிறவர்கள் கடையில் முழிப்பது இந்தக் காசை வைத்துக்கொண்டுதான். ஒரு பக்கத்தில் வளைந்து தொங்கும் நெற்கதிர், ஓட்டையைச் சுற்றிப் பல்சக்கரம், கீழே கோடு கோடாகத் தண்ணீர். விவசாயம், தொழில், மீன்பிடிப்பு. ஓட்டையோடு இந்தக் காசு வந்தது 1949இல். போரில் தோற்று, நகரங்கள் எரிந்து, சோற்றுக்கே திண்டாடிய நாடு எதை வைத்துப் பிழைக்கப் போகிறோம் என்று போட்டுக்கொண்ட பட்டியல் போல இருக்கிறது அது.

அதில் நெல் முதலில் வருவது தற்செயல் இல்லை. ஆனால் நெல் அந்தத் தீவுகளின் சொந்தப் பயிரும் இல்லை. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அங்கே வேட்டையாடியும் மீன்பிடித்தும் காட்டில் கொட்டைகள் பொறுக்கியும் வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். ஈரக் களிமண்ணில் கயிற்றை அழுத்திக் கோலம் போட்ட அவர்களுடைய பானைகள் உலகின் மிகப் பழைய மண்பாண்டங்களில் சேர்த்தி. அந்தக் காலத்துக்கு ஜோமோன் என்று பெயர், கயிற்றுத் தடம் என்று பொருள். அப்புறம் கி.மு. முதல் ஆயிரமாண்டில் கொரியத் தீபகற்பம் வழியாக வயலில் நீர் கட்டி விளைவிக்கும் நெல்லும், உலோக வேலையும், அவற்றைக் கொண்டுவந்த மனிதர்களும் வந்து சேர்ந்தார்கள். இன்றைய ஜப்பானியர்கள் இந்த இரண்டு தரப்பும் கலந்த வழி வந்தவர்கள். ஜப்பானியர்கள் ஒழுங்காக வரிசையில் நிற்பதற்கும் ஊரோடு ஒத்துப்போவதற்கும் நெல் விவசாயம்தான் காரணம், தண்ணீரைப் பங்கு போட்டுப் பழகியவர்கள் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தஞ்சாவூரிலும்தான் நெல் விளைகிறது.

நெல் பணமாகவே இருந்த காலம் ஒன்று உண்டு, அது நிச்சயமான வரலாறு. 17ஆம் நூற்றாண்டிலிருந்து 19 வரை, எடோ காலம் என்று சொல்லும் இரண்டரை நூற்றாண்டில், ஒரு பிரபுவின் அந்தஸ்தை 'கொக்கு' என்ற அளவால் சொன்னார்கள். ஒரு கொக்கு சுமார் 180 லிட்டர் அரிசி. ஒரு ஆளுக்கு ஒரு வருடச் சாப்பாடு என்பது கணக்கு. 10,000 கொக்கு விளையும் நிலம் இருந்தால்தான் அவர் தைம்யோ, அதாவது பெரும் பிரபு. சாமுராய்க்குச் சம்பளமும் அரிசியிலேயே. அரிசியை வைத்துக்கொண்டு துணி வாங்க முடியாதே, அதனால் ஒசாகாவில் பிரம்மாண்டமான அரிசிச் சந்தை வளர்ந்தது. வரப்போகும் அரிசிக்கு இன்றே விலை பேசும் முன்பேர வியாபாரத்துக்கு 1730இல் அங்கே தோஜிமா சந்தையில் அரசே அனுமதி கொடுத்தது. வாளைத் தூக்கிக்கொண்டு திரிந்தவரின் வாழ்க்கை, கணக்குப் பலகையோடு உட்கார்ந்திருந்த வியாபாரியின் கையில் இருந்தது என்பதைச் சினிமாக்காரர்கள் காட்டுவதில்லை.

சரி, இந்த ஐந்து யென்னை இன்றைக்கு எங்கே செலவழிப்பார்கள்? குளிர்பானம் விற்கும் தானியங்கி இயந்திரங்கள் இதை ஏற்காது. இது போய்ச் சேரும் முக்கியமான இடம் கோயில் உண்டியல். ஐந்து யென்னை அவர்கள் மொழியில் 'கோஎன்' என்பார்கள். அதே ஒலியில் இன்னொரு சொல் இருக்கிறது, அதற்குப் பொருள் பந்தம், தொடர்பு. இன்னாரோடு இன்னாருக்கு என்று விதித்திருக்கும் என்று நாம் சொல்கிறோமே, அது. எனவே நல்ல பந்தம் அமைய வேண்டி ஐந்து யென் போடுவார்கள். காசைப் போட்டுவிட்டு இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, வேண்டுதலை மனதுக்குள் சொல்லி, கடைசியாக ஒருமுறை குனிவது முறை.

இது ஷிந்தோ கோயில் வழக்கம். ஷிந்தோவில் மலைக்கும் மரத்துக்கும் அருவிக்கும் முன்னோருக்கும் தெய்வத்தன்மை உண்டு. அதை உண்டாக்கிய ஒரு ஆளும் கிடையாது, எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒற்றை வேதமும் கிடையாது. பௌத்தம் கொரியாவின் பெக்ஜே அரசிலிருந்து 6ஆம் நூற்றாண்டில் வந்தது. ஆரம்பத்தில் கொஞ்சம் அடிதடி நடந்தாலும் பிறகு இரண்டும் ஒரே வளாகத்தில் குடித்தனம் செய்தன. 752இல் நாராவில் தோதாய்ஜி கோயிலின் மாபெரும் வெண்கல புத்தருக்குக் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. நம் சரஸ்வதி அங்கே பென்சாய்தென் என்ற பெயரில், வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்பிசைக் கருவியோடு, ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் ஒருத்தியாக இருக்கிறாள். ஒரு சராசரி ஜப்பானியரிடம் உங்கள் மதம் என்ன என்று கேட்டால் "எதுவுமில்லை" என்று பதில் வர வாய்ப்பு அதிகம். அதே ஆள் ஜனவரி 1 அன்று ஷிந்தோ கோயிலில் குளிரில் வரிசையில் நிற்பார், கிறிஸ்தவ பாணி மண்டபத்தில் வெள்ளை கவுன் மணப்பெண்ணைக் கைப்பிடித்திருப்பார், அவர் இறந்தால் பௌத்தத் துறவி வந்து சூத்திரம் ஓதுவார். முரண்பாடு என்று நாம்தான் சொல்கிறோம். அவர்களைப் பொறுத்தவரை மதம் என்பது நம்புவதைவிடச் செய்வது.

பத்து யென் செம்பு நிறம். சிறகு விரித்த பறவை மாதிரி ஒரு கட்டடம் அதில் இருக்கிறது. கியோட்டோவுக்குத் தெற்கே ஊஜியில் உள்ள பியோதோஇன் கோயிலின் பீனிக்ஸ் மண்டபம், 1053இல் கட்டியது. முன்னால் குளம். உள்ளே பொன் பூசிய அமிதாப புத்தர். குளத்தின் எதிர்க்கரையில் நின்றால் மண்டபத்தின் நடுத் திறப்பு வழியாக அவர் முகம் மட்டும் தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். கட்டியவர் புஜிவாரா நோ யொரிமிச்சி. அரசரல்ல, அரசரைவிட வலுவான குடும்பம். மகள்களை அரச குடும்பத்தில் கட்டிக்கொடுப்பது, பிறக்கும் பேரனை அரியணையில் உட்கார வைப்பது, தாத்தா, மாமா என்ற உறவில் நாட்டை நடத்துவது என்று ஒரு நுட்பமான வித்தையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள். தலைநகர் கியோட்டோவுக்கு மாறிய 794இலிருந்து 1185 வரை நீண்ட ஹெயியான் காலத்தின் நாயகர்கள் இவர்களே.

யொரிமிச்சியின் சகோதரி ஷோஷி அரசியாக இருந்தாள். அவளுடைய பணிப்பெண்களில் ஒருவர் முரசாகி ஷிகிபு. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'கெஞ்சியின் கதை'யை உலகின் முதல் நாவல் என்று பலர் சொல்வார்கள். அதன் கடைசிப் பத்து அத்தியாயங்கள் நடப்பது இதே ஊஜி பக்கம்தான். ஆண்கள் கௌரவத்துக்காகச் சீன மொழியில் எழுதிக்கொண்டிருந்தபோது பெண்கள் பேசுகிற மொழியில், ஹிரகானா என்ற எளிய எழுத்தில் எழுதினார்கள். கௌரவமாக எழுதிய ஆண்களில் பெரும்பாலோரை இன்று ஆராய்ச்சியாளர்கள் தவிர யாரும் படிப்பதில்லை.

எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் ஜப்பானைத் தாண்ட முடியாது. மூன்று வகை எழுத்துகள் கலந்து புழங்குகின்றன. சீனாவிலிருந்து வந்த கஞ்சி, ஒவ்வொன்றும் ஒரு பொருள். பள்ளி முடிப்பதற்குள் கற்க வேண்டிய பொதுப் பட்டியலில் மட்டும் 2,136. அப்புறம் ஒலியை மட்டும் குறிக்கும் ஹிரகானாவும் கதகானாவும், தலா 46. "நான் காபி குடிக்கிறேன்" என்று எழுத வேண்டுமானால் 'நான்' கஞ்சியில் வரும். 'காபி' வெளிநாட்டுச் சொல், எனவே கதகானா. 'குடி' என்ற வேர் கஞ்சி, அதன் பின்னால் ஒட்டும் விகுதியும், சொற்களுக்கு நடுவில் வரும் வேற்றுமை உருபுகளும் ஹிரகானா. எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் வினை என்ற வரிசை நம்முடையதேதான்.

இதில் தமிழ் படித்தவர்களைத் தூக்கிவாரிப் போடும் விஷயம் ஒன்று உண்டு. ஜப்பானியக் குழந்தை அரிச்சுவடி சொல்லும் வரிசை அ, இ, உ, எ, ஒ. அதன் பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ஹ இருக்கும் இடத்தில் மிகப் பழைய காலத்தில் ப ஒலித்தது என்பது மொழியியலாளர்கள் முடிவு. இப்போது மறுபடி சொல்லிப் பாருங்கள். இந்த வரிசை, சமஸ்கிருத மந்திரங்களைப் பிழையில்லாமல் உச்சரிக்க இந்திய ஒலிநூலைப் படித்த பௌத்தத் துறவிகள் வழியாக வந்தது. அகரவரிசையில்தான் உறவு, மொழியில் அல்ல. ஓனோ சுசுமு என்ற அறிஞர் ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதாடினார். நமக்குக் கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் வரலாற்று மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை.

ஐம்பது யென்னில் சாமந்திப் பூ. அரச குடும்பத்தின் சின்னம் பதினாறு இதழ்ச் சாமந்தி. ஐந்நூறு யென்னில் கிரி என்ற மரத்தின் இலையும் பூவும். அது இன்று அரசாங்கத்தின், பிரதமரின் சின்னம். இந்த இரண்டு பூக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஜப்பான் அரசியலின் பழைய ஏற்பாடு புரிந்துவிடும். பட்டம் ஒருவருக்கு, அதிகாரம் இன்னொருவருக்கு. இன்றைய பேரரசர் நருஹிதோ மரபுக் கணக்கில் 126ஆவது. தொடக்கத்தில் வரும் சிலர் புராண மாந்தர்கள் என்றாலும், ஒரே குடும்பம் இத்தனை நூற்றாண்டு அரியணையில் இருப்பது வேறெங்கும் இல்லாதது. அவர்களுக்குக் குடும்பப் பெயர்கூடக் கிடையாது. எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்றால், பெரும்பாலான காலம் ஆளாமல் இருந்ததால் என்பதே என் பதில். 1192இல் மினமோதோ நோ யொரிதோமோ என்ற போர்த்தலைவர் ஷோகன், அதாவது படைத்தளபதி என்ற பட்டத்தைப் பேரரசரிடமிருந்தே வாங்கிக்கொண்டு காமாகுராவிலிருந்து நாட்டை நடத்தினார். அடுத்த 700 ஆண்டுகளில் பெரும்பகுதி அதே கதை. பேரரசர் கியோட்டோவில் கவிதையும் சடங்குமாக இருப்பார், சாமுராய்கள் வெளியே வெட்டிக்கொள்வார்கள்.

வெட்டு உச்சத்துக்குப் போனது 15, 16ஆம் நூற்றாண்டுகளில். அதை முடித்துவைத்த மூன்று பேரை ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு குயிலை வைத்து நினைவு வைத்திருப்பார்கள். குயில் பாட மறுத்தால்? ஓதா நொபுநாகா, கொன்றுவிடு என்பார். தொயோதோமி ஹிதேயோஷி, பாட வைக்கிறேன் பார் என்பார். தொக்குகாவா இயேயாசு, பாடும்வரை காத்திருப்போம் என்பார். பின்னாளில் யாரோ கட்டியது, ஆனால் ஆட்களின் குணத்துக்குப் பொருத்தம். ஐந்நூறு யென்னில் இருக்கும் கிரிப் பூவைத் தன் சின்னமாகப் பெற்றவர்களில் ஹிதேயோஷியும் ஒருவர். எளிய குடும்பத்தில் பிறந்து உச்சிக்கு வந்தவர், வந்ததும் மற்ற விவசாயிகளிடமிருந்து வாள்களைப் பறிமுதல் செய்தார், தன் வழியில் இன்னொருவன் ஏறி வந்துவிடக் கூடாதே. கொரியா மீது இரண்டு முறை படையெடுத்து அந்த நாட்டை நாசமாக்கியவரும் அவர்தான். காத்திருந்த இயேயாசு 1600இல் செகிகஹாரா போரில் வென்று 1603இல் ஷோகன் ஆனார். எடோவை, இன்றைய டோக்கியோவை, தலைமையிடமாக்கினார்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் 1543இல் போர்த்துக்கீசியர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். 1549இல் பிரான்சிஸ் சேவியர் வந்தார். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்புதான் அவர் நம் முத்துக்குளித்துறைக் கரையோர மக்களிடையே சமயப் பணி தொடங்கியிருந்தார். போர்த்துக்கீசியர்கள் விட்டுப்போன சொல் ஒன்று இன்றும் எல்லா ஜப்பானியர் வாயிலும் இருக்கிறது. ரொட்டியை அவர்கள் 'பான்' என்கிறார்கள். இலங்கைத் தமிழர்கள் 'பாண்' என்று சொல்வது அதே சொல்லைத்தான். ஒரே கப்பல்காரர்கள் இரண்டு கரைகளில் இறக்கிய சரக்கு. கிறிஸ்தவம் பரவுவதைக் கண்டு பயந்த தொக்குகாவா ஆட்சி 1630களில் கதவைச் சாத்தியது. போர்த்துக்கீசியர் வெளியேற்றப்பட்டார்கள். டச்சுக்காரர்கள் மட்டும் நாகசாகியில் தெஜிமா என்ற செயற்கைத் தீவில் அடைபட்டு வியாபாரம் செய்யலாம். முழுக்க மூடிய நாடு என்று சொல்வது மிகை, சீனர்களோடும் கொரியர்களோடும் வணிகம் நடந்துகொண்டுதான் இருந்தது.

இயேயாசுவின் வாரிசுகள் பிரபுக்களை அடக்கி வைத்த முறை எனக்கு மிகவும் பிடித்தது, இரத்தம் சிந்தாத கொடூரம் என்பதால். ஒவ்வொரு தைம்யோவும் ஒரு வருடம் தன் நாட்டில், மறு வருடம் எடோவில் இருக்க வேண்டும். பெண்டாட்டி பிள்ளைகள் எப்போதும் எடோவில். பிணைக்கைதிகள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நூற்றுக்கணக்கான ஆட்களோடு ஊர்வலமாகப் போய்வரும் செலவிலேயே பிரபுவின் பொக்கிஷம் கரையும், கலகத்துக்குக் காசு மிஞ்சாது. அந்தப் போக்குவரத்தால் சாலைகளும் சத்திரங்களும் பெருகின. எடோ 18ஆம் நூற்றாண்டில் பத்து லட்சம் பேர் வாழும் நகரமானது. அவர்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டுமே? கபூகி நாடகம், சுமோ, மலிவு விலை மரக்கட்டை அச்சுப் படங்கள் எல்லாம் அங்கே கொடிகட்டிப் பறந்தன.

அந்தப் படங்களில் ஒன்று இப்போதைய ஆயிரம் யென் நோட்டின் பின்பக்கம் இருக்கிறது. நண்பர் நோட்டு எதுவும் தரவில்லை, அதனால் போனில் இருந்த படத்தைத்தான் பார்த்தேன். ஓவியர் ஹொக்குசாயின் 'கனகாவா பேரலை'. சுமார் 1831இல், எழுபது வயதை ஒட்டி அவர் வரைந்தது. நகம் விரித்த மாதிரி நுரை, கீழே மூன்று படகுகள், அவற்றில் குனிந்து ஒட்டிக்கொண்டிருக்கும் ஆட்கள், தூரத்தில் இன்னொரு சின்ன அலை போல ஃபூஜி மலை. அந்த நீலத்தைக் கவனியுங்கள். அது ஐரோப்பாவில் கண்டுபிடித்த பிரஷ்ய நீலம், நாகசாகி வழியாக இறக்குமதியானது. கதவைச் சாத்திய நாட்டின் மிகப் புகழ்பெற்ற படம் வெளிநாட்டுச் சாயத்தில் நிற்கிறது.

கதவை 1853இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி நான்கு போர்க்கப்பல்களோடு வந்து தட்டினார். பதினைந்தே ஆண்டுகளில், 1868இல், ஷோகன் ஆட்சி கவிழ்ந்து பேரரசர் மெய்ஜியின் பெயரில் புது அரசு வந்தது. எடோ டோக்கியோ ஆனது. யென் 1871இல் பிறந்தது, அந்தச் சொல்லுக்கு வட்டம் என்று பொருள். 1872இல் ரயில், 1873இல் கட்டாய ராணுவ சேவை, 1876இல் சாமுராய் வாளோடு வெளியே நடக்கத் தடை. 2024 ஜூலையில் வந்த புது நோட்டுகளில் உள்ள மூன்று முகங்களும் இந்தக் காலத்து ஆட்கள். பத்தாயிரத்தில் ஷிபுசாவா எய்இச்சி, விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து முதல் நவீன வங்கியை நிறுவி சுமார் 500 நிறுவனங்கள் உருவாகக் கைகொடுத்தவர். ஆயிரத்தில் கிதாசாதோ ஷிபாசாபுரோ, ரண ஜன்னிக் கிருமியை முதலில் தனியாக வளர்த்துக் காட்டிய மருத்துவர். ஐயாயிரத்தில் உள்ள த்சுதா உமேகோவின் கதைதான் எனக்கு மனதில் நிற்கிறது. 1871இல் அரசு அமெரிக்காவுக்கு அனுப்பிய ஐந்து சிறுமிகளில் கடைக்குட்டி, அப்போது ஆறு வயது. பதினொரு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தபோது தாய்மொழி மறந்துபோயிருந்தது. படிப்பைப் பயன்படுத்தத் தோதான வேலையும் அரசு தயாராக வைத்திருக்கவில்லை. 1900இல் பெண்களுக்காகத் தானே ஒரு பள்ளி தொடங்கினார், அது இன்று பல்கலைக்கழகம்.

அடுத்த பகுதி இன்றைய எந்தக் காசிலும் இல்லை. மேற்கத்திய நாடுகளிடம் அடிமைப்படாமல் தப்பிய ஜப்பான் தானும் பேரரசாகியது. 1895இல் தைவான், 1910இல் கொரியா, 1931இல் மஞ்சூரியா, 1937இல் சீனாவோடு முழுப் போர், நான்ஜிங் படுகொலை, 1941இல் அமெரிக்காவின் பேர்ல் ஹார்பர் மீது தாக்குதல். தமிழர் நினைவில் இது சயாம் மரண ரயிலாக இருக்கிறது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் 1942, 43இல் அந்தப் பாதை போடும்போது பட்டினியிலும் காலராவிலும் செத்தார்கள். உள்நாட்டில் உலோகம் தீர்ந்துபோய்க் கோயில் மணிகளைக்கூட உருக்க எடுத்துப் போனார்கள். 1945இல் களிமண்ணைச் சுட்டுப் பீங்கான் காசு செய்து பார்த்தார்கள், அது புழக்கத்துக்கு வருவதற்குள் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்து போர் முடிந்துவிட்டது.

ஒரு யென் அலுமினியம், எடை சரியாக ஒரு கிராம். மெதுவாக வைத்தால் தண்ணீரில் மிதக்கும். அதில் ஒரு இளம் மரக்கன்று, இன்ன மரம் என்றில்லாத பொதுவான கன்று. போருக்குப் பிந்தைய ஜப்பானுக்குப் பொருத்தமான படம். 1947 அரசமைப்பு போரைக் கைவிட்டது, பேரரசரை நாட்டின் அடையாளம் என்ற அளவில் நிறுத்தியது. என்னிடம் உள்ள பத்து யென்னைத் திருப்பினால் 'ஷோவா 39' என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு பேரரசர் காலத்துக்கும் ஒரு பெயர், அதில் எத்தனையாவது வருடம் என்று எண்ணுவது வழக்கம். ஷோவாவோடு 1925ஐக் கூட்ட வேண்டும், ஹெய்செய் என்றால் 1988, இப்போதைய ரெய்வா என்றால் 2018. ஆக இது 1964ஆம் வருடக் காசு. அக்டோபர் 1 அன்று ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் ஓடத் தொடங்கி, 10 அன்று டோக்கியோ ஒலிம்பிக் தொடங்கிய வருடம். பிறகு அறுபதுகளின் கடைசியில் உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரம், எண்பதுகளில் நில விலையும் பங்கு விலையும் வானத்தைத் தொட்டு ஊதிய குமிழி, 1990களில் அது வெடித்த பிறகு நீண்ட தேக்கம். 1989 டிசம்பரில் நிக்கேய் பங்குச் சந்தைக் குறியீடு எட்டிய உயரத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆனது. அதே 1989இல் 3 சதவீத விற்பனை வரி வந்ததால் விலைகள் எல்லாம் 103, 206 என்று முடிய, அதுவரை யாரும் சீந்தாத ஒரு யென்னுக்குத் தட்டுப்பாடு வந்தது தனி வேடிக்கை.

காசைக் கொடுப்பதிலும் அவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. கடையில் கையிலிருந்து கைக்குப் போகாது, கல்லா முன் ஒரு சின்னத் தட்டு இருக்கும், அதில் வைக்க வேண்டும். டிப்ஸ் கிடையாது, மேஜையில் விட்டுவிட்டு வந்தால் பின்னாலேயே ஓடிவந்து கொடுப்பார்கள். கல்யாண மொய்க்குச் சலவை நோட்டுதான். தொகையில் முதல் இலக்கம் ஒற்றைப்படையாக இருப்பது நல்லது, இரண்டாகப் பிரிக்க முடியாதே. துக்க வீட்டுக்குக் கொடுப்பது பழைய நோட்டு, புது நோட்டாக இருந்தால் சாவை எதிர்பார்த்து எடுத்து வைத்திருந்த மாதிரி ஆகிவிடும். நாலு 'ஷி', சாவும் 'ஷி', அதனால் அந்த எண்ணைத் தவிர்ப்பார்கள். தொலைந்த பணத்தைத் தெருமுனைக் காவல் சாவடியில் ஒப்படைக்கிறார்கள். டோக்கியோவில் மட்டும் சமீப ஆண்டுகளில் வருடத்துக்குச் சுமார் 400 கோடி யென் இப்படி வருகிறது. நேர்மையான இனம் என்று உடனே மெய்சிலிர்க்க வேண்டாம். உரியவர் வந்தால் 5 முதல் 20 சதவீதம் வெகுமதி, மூன்று மாதம் யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கே என்று சட்டம் இருக்கிறது, நாலு தெருவுக்கு ஒரு சாவடியும் இருக்கிறது. நல்ல பழக்கத்துக்கு நல்ல ஏற்பாடு துணை.

காசில் இல்லாதவர்களையும் சொல்ல வேண்டும். வடக்கே ஹொக்கைதோவின் ஐனு மக்கள், அவர்களைப் பூர்வகுடிகள் என்று சட்டம் ஏற்றுக்கொண்டதே 2019இல்தான். தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வளரும் கொரிய வம்சாவளியினர். தொழிலை வைத்துத் தீண்டாமைக்கு ஆளான புராகுமின், ஜாதி நமக்கு மட்டும் உரிய நோய் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவர்கள். ஓகினாவாவுக்கு மட்டும் ஒரு நோட்டு கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் வந்த 2,000 யென் நோட்டில் ஷுரி கோட்டையின் வாசல் இருக்கிறது. அது 1879 வரை தனியாக இருந்த ரியுக்யு அரசின் கோட்டை. 1945இல் கொடூரமான தரைப்போர் நடந்த மண், 1972 வரை அமெரிக்கர் கையில் இருந்தது, இன்றும் அமெரிக்கத் தளங்கள் அங்கே நிறைய. அந்த நோட்டு மற்ற ஊர்களில் கண்ணில் படுவதே அபூர்வம் என்றார் நண்பர். நாலு வருடத்தில் அவர் ஒன்றுகூடப் பார்க்கவில்லையாம்.

மக்கள்தொகை 2008இல் 12 கோடியே 80 லட்சத்தைத் தொட்டு அன்றிலிருந்து குறைந்துகொண்டே வருகிறது. நூறு பேரில் கிட்டத்தட்ட 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். கிராமங்களில் கோயில் இருக்கிறது, கும்பிட ஆள் இல்லை. இருக்கிற கோயில்களுக்கும் ஒரு புதுத் தலைவலி வந்தது. 2022 ஜனவரியில் அஞ்சலக வங்கி சில்லறை கட்டுவதற்குக் கட்டணம் கொண்டுவந்தது. அப்போது 51 முதல் 100 காசு வரை 550 யென். உண்டியலில் விழுந்த ஐந்து யென் காசுகள் நூறைக் கொண்டுபோய்க் கட்டினால் மொத்தம் 500, கட்டணம் 550 என்று இருந்தது. கோயில்காரர்கள் சில்லறை மாற்றிக் கேட்கும் பக்கத்துக் கடைகளுக்கு ஓட்டைக் காசைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில கோயில்களில் உண்டியல் பக்கத்திலேயே க்யூஆர் அட்டை வைத்துவிட்டார்கள். அதிலும் ஐந்து யென்தான் அனுப்புகிறார்களா என்று நண்பரைக் கேட்டேன். தெரியாது, நான் நூறு யென்தான் போடுவேன் என்றார்.